தங்கபாயும் நிதானத்துக்கு வராத அம்பாசிடரும்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே எனக்கு ஒரு படக்கடை இருந்தது. சாமி படம், கல்யாணப் படம், பெரியவர்கள் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். பக்கத்துக் கடை சுப்புராஜின் மோட்டார் ஸ்பேர்ஸ் கடை. இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அந்தக் கடையில் பன்னிரண்டு வருஷம் நின்ற தங்கபாயைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவர் எனக்கு உறவில்லை. அவர் சர்ச்சுக்குப் போகிறவர், நான் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அவர் பேரைச் சொல்லும்போது என் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல எனக்குக் குரல் கொஞ்சம் கூடிவிடும்.

தங்கபாய் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். பத்தாவது பாஸ். மில் தொழிலாளி பொன்னுராஜைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். 1982-இல் பொன்னுராஜ் வேலை பார்த்த மில்லைப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் திறக்கவில்லை. அப்போதுதான் ஒருநாள் காலையில், சுப்புராஜ் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது தங்கபாய் வந்து நின்றார்.

"கடையில ஆள் வேணும்னு சொன்னாக."

"வேணும்தான். ஆனா ஒரு பையன்தாம்மா வேணும். இங்க கிரீசும் கரியுமா இருக்கும்."

"எங்க வீட்டு அடுப்பும் கரிதான் முதலாளி."

சுப்புராஜ் சிரித்துவிட்டார். அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரு ஆள். பெட்டிகளில் ஒட்டியிருந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல் பையன்கள் சாமானை மாற்றி மாற்றி வைத்துத் தொலைத்திருந்தார்கள். ஒரு மாதம் பார்ப்போம் என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் வருஷம் தூசி தட்டுவதும் சீட்டு எழுதி ஒட்டுவதும்தான் வேலை. மத்தியானம் சுப்புராஜ் சாப்பிடப் போனால் தங்கபாய் மட்டும் இருப்பார். மெக்கானிக்குகள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "முதலாளி இல்லையா?" என்று கேட்டுவிட்டு என் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பொம்பளையிடம் கேட்டு வாங்கினால் தப்பான சாமான் வரும் என்று பயம். தங்கபாய் பெரிய கேட்டலாக்கை விரித்துவைத்து விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். அதன் கடைசிப் பக்கங்களில், வண்டியில் இன்ன குறை வந்தால் இன்ன இன்ன காரணம் இருக்கலாம் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். புரியாத சொல்லுக்கு என்னிடம் கேட்பார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? மேலே மாடியில் டைப்ரைட்டிங் பள்ளி நடத்தியவரிடம் இரண்டு பேருமாகப் போய்க் கேட்டுவருவோம்.

அவர் கொண்டுவந்த இன்னொரு வழக்கம்தான் அவரை ஆளாக்கியது. புதுச் சாமான் வேண்டுமென்றால் பழைய சாமானைக் கொண்டுவந்து காட்டச் சொல்வது எல்லாக் கடையிலும் உண்டு. அளவு பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தங்கபாய் தூக்கிப் போடவில்லை. தேய்ந்த புஷ், கருகிய பாயின்ட், கிழிந்த கேஸ்கட், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இது ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு?" என்று கொண்டுவந்தவரையே கேட்பார். சிலர் எரிந்து விழுவார்கள். சிலர் நின்று சொல்வார்கள். நாலைந்து வருஷத்தில் அப்படி ஆயிரம் சாமானைப் பார்த்திருப்பார். மில் மறுபடி திறந்து பொன்னுராஜ் ஷிப்டுக்குப் போன பிறகும் தங்கபாய் கடையை விடவில்லை. "வேண்டாம்னு நின்னுரட்டா?" என்று அவர் வீட்டில் கேட்டதற்கு, "உனக்கு அங்க போனாத்தான மொகம் தெளிவா இருக்கு. போயிட்டு வா" என்றாராம் பொன்னுராஜ்.

1988 புரட்டாசியில் நடந்ததுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் வாடகைக் கார் ஓட்டியவர் சிவனாண்டி. வெள்ளை அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு; புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அதன்மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அடிவாரம் வரைக்கும் விடியற்காலையிலிருந்து ஓயாமல் ஓட்டுவார். அந்த வருஷம் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் அடங்காது. நின்ற இடத்தில் நின்றபடி இரைந்துகொண்டே இருக்கும். முதல் கியர் போட்டால் பல் கடித்தது. கிளட்சை விட்டால் வண்டி குதித்துக் கிளம்பியது. முதல் சனிக்கிழமை அடிவாரத்துக் கூட்டத்தில் மெதுவாக ஊர்ந்து போக முடியாமல், ஒரு தேங்காய்க் கடையின் கூடையில் இடித்துவிட்டார். தேங்காய் உருண்டதோடு போயிற்று. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு முழம் தள்ளி இருந்ததால் தப்பித்தாள். வண்டி சரியாகாமல் இனிக் கூட்டத்துக்குள் எடுப்பதில்லை என்று முடிவுசெய்த சிவனாண்டி, நேரே ராஜபாளையத்துக்கு இருளப்பசாமியிடம் கொண்டுவந்தார்.

இருளப்பசாமி சாதாரண மெக்கானிக் இல்லை. தென்காசி ரோட்டில் அவர் ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் ஏழெட்டு வண்டி நிற்கும். இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார் என்பார்கள். அவர் சுப்புராஜ் கடைக்கு வந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டருக்கு கேஸ்கட் செட், அதாவது அது உட்காரும் இடத்தில் காற்றுப் புகாமல் வைக்கிற அட்டைகள், வாங்கிப் போனார். மாற்றினார். இரண்டு நாள் நன்றாக ஓடிய வண்டி மூன்றாம் நாள் மறுபடி இரைந்தது. திரும்ப வந்து இன்னொரு செட்டும் ஒட்டுவதற்குப் பசையும் வாங்கிப் போனார். அது ஒருநாள்கூடத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்றாவது தடவையாக வந்தார். வண்டி வாசலில் நின்று இரைந்துகொண்டிருந்தது. என் சுவரில் மாட்டியிருந்த படங்களெல்லாம் அந்த அதிர்வில் கிடுகிடுவென்று ஆடின. சிவனாண்டி சீட்டைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"முதலாளி எங்க?"

"மதுரைக்குப் போயிருக்காக அண்ணாச்சி. என்ன வேணும்?"

"புது கார்பரேட்டர் வேணும். முழுசா."

"ஸ்டாக் இல்லையே. மெட்ராஸ்லருந்து வரணும். திங்கள், செவ்வாய் ஆயிரும்."

வெளியே சிவனாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளன்னைக்குச் சனிக்கிழமைல்லா தங்கச்சி! நாலு குடும்பத்துக்கு வாரேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

தங்கபாய் இருளப்பசாமியைப் பார்த்தார். "கழட்டுன கேஸ்கட் இருக்கா அண்ணாச்சி?"

"ஏம்மா, அதைப் பாத்து என்ன செய்யப்போற? நான் கேட்டது கார்பரேட்டர்."

"செத்த நேரம். பாத்துட்டுத் தாரேன்."

இருளப்பசாமி முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கி வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்று பார்த்தார் தங்கபாய். எனக்கும் காட்டினார். போல்ட் போகிற இரண்டு ஓட்டையைச் சுற்றி கேஸ்கட் நசுங்கிக் கறுத்து, தகடுபோல் ஆகியிருந்தது. நடுவே மட்டும் புதுசாகவே இருந்தது. அழுத்தமே படவில்லை. ஓரத்தில் ஈரக்கறை படிந்திருந்தது.

அவர் ஒன்றொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

"ஆக்ஸிலேட்டர் ராடைக் கழட்டிவிட்டுப் பாத்தீகளா?"

"பாத்தாச்சு. உள்ள தட்டு நல்லாத்தான் மூடுது."

"சோக்கு?"

"அது ஒண்ணும் மாட்டிக்கிடல."

"ஐடிலிங் ஸ்க்ரூ?"

"இரைச்சல் அடங்கட்டும்னு அதை முழுக்க வெளிய எடுத்துட்டேன். இன்னும் ஒரு சுத்துச் சுத்துனா கழண்டு ரோட்டுல விழுந்துரும்."

"ஏர் போற வாயைக் கையால பொத்திப் பாத்தீகளா?"

இருளப்பசாமி முதல் தடவையாக நின்று பதில் சொன்னார். "பொத்துனேன். திணறுச்சு. ஆனா நிக்கல."

"நின்னுருக்கணும்லா? வாயைப் பொத்துன பொறவும் ஓடுதுன்னா, அதுக்கு வேற எங்கிட்டிருந்தோ காத்துக் கிடைக்குது."

"அதுக்குத்தான கேஸ்கட்டு மாத்துனேன்! அடியில மேனிபோல்டுக் குழாய்லயும் சேத்து மாத்தியாச்சு."

"கேஸ்கட்டு மேல தப்பில்ல அண்ணாச்சி. அது உக்காருற இடம் சமமா இல்லையோன்னு தோணுது. கார்பரேட்டரைக் கழட்டிக் குடுங்களேன். ஒரு தடவ பாத்துருவோம்."

அதற்குள் கடை வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. வல்கனைசிங் கடைக்காரர், டீ வாங்க வந்தவர்கள், இரண்டு லாரி டிரைவர்கள். ஒருவர் மெதுவாக, "சாமான் விக்கச் சொன்னா டாக்டர் வேலை பாக்குது" என்றார். தங்கபாய்க்குக் காது சிவந்ததைப் பார்த்தேன். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இருளப்பசாமி போய் பானட்டைத் திறந்தார். சூட்டோடு சூடாகத் துணியை வைத்துப் பிடித்துக் கழற்றிக் கொண்டுவந்து கல்லாப் பலகையில் வைத்தார்.

தங்கபாய் என்னிடம் திரும்பினார். "அண்ணாச்சி, உங்ககிட்ட தடிமனா ஒரு கண்ணாடித் துண்டு இருக்குமா? கோணல் இல்லாததா."

ஷோகேஸுக்கு வெட்டி மிச்சமான கால் அங்குலக் கண்ணாடி ஒன்று இருந்தது. துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்மேல் கார்பரேட்டரை நிற்கவைத்தார். பார்வைக்கு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்து, அடியில் செருகினார். போல்ட் பக்கம் தாள் நுழையவில்லை. நடுப்பக்கம் வைத்ததும் சரக்கென்று உள்ளே போயிற்று. இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் இழுத்தார். இரண்டாக மடித்து நுழைத்தார். அதுவும் போயிற்று.

கூட்டம் கிட்டே நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது.

"போல்ட் போற ரெண்டு காதும் கீழ வளைஞ்சிருக்கு" என்றார் தங்கபாய். "நடுவுல தூக்கிக்கிட்டு நிக்குது. அந்தச் சந்துல காத்துப் போகுது. இன்னும் முடுக்குனா இன்னும் வளையும்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "எந்தக் காலத்துல யாரு முடுக்குனாகளோ!"

இருளப்பசாமி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நினைத்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். தங்கபாய் வழி விட்டுத்தான் இருந்தார். ஆனால் அவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வேற யாரு? நான்தான் முடுக்குனேன். மொதத் தடவை நிக்கலன்னதும் பெரிய ஸ்பானரைப் போட்டு ஏறி மிதிச்சேன்" என்றார். பிறகு, "இப்ப என்ன செய்யலாம்னு சொல்லு தாயி" என்றார்.

அந்தத் 'தாயி'யை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அதே கண்ணாடிமேல் நைசான உப்புத்தாளைத் தண்ணீர் நனைத்து ஒட்டினார்கள். இருளப்பசாமி கார்பரேட்டரின் அடிப்பாகத்தைத் தனியே பிரித்தெடுத்தார். வளைந்த முகத்தில் தங்கபாய் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டார். "கோடு முழுசா அழியிற வரைக்கும் தேய்க்கணும். அழுத்த வேண்டாம். வட்டமாத் தேய்ங்க" என்றார். பத்து நிமிஷம் தேய்த்துத் திருப்பிப் பார்த்தபோது காது இரண்டிலும் மட்டும் கோடு அழிந்து, நடுவே பென்சில் அப்படியே இருந்தது. வளைவு எவ்வளவு என்று எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். மறுபடி தேய்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருளப்பசாமிக்கு வியர்வை சொட்டியது. வேறு ஆள் தேய்க்கிறேன் என்று வந்தபோதும் விடவில்லை. கடைசியில் ஒரு கோடு இல்லாமல் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக வந்தது. காலண்டர் தாள் எந்தப் பக்கமும் நுழையவில்லை.

பெட்ரோலில் கழுவி, ஊதி, புதுக் கேஸ்கட் வைத்து வண்டியில் ஏற்றினார்கள். பசை போடவில்லை. "சின்ன ஸ்பானர் போதும் அண்ணாச்சி. அங்க கொஞ்சம், இங்க கொஞ்சம்" என்றார் தங்கபாய். இருளப்பசாமி சின்னப் பிள்ளைக்குப் பொத்தான் போடுவதுபோல மாற்றி மாற்றி முடுக்கினார்.

சிவனாண்டி சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. காலை எடுத்தார். நின்றுவிட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே. சிவனாண்டிக்கு முகம் செத்துவிட்டது. "இரைஞ்சாலும் ஓடுன வண்டி தங்கச்சி இது. இப்ப ஓடவே மாட்டங்குதே!" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

தங்கபாய் பானட்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தட்டினார். அவர் அப்படிக் குதூகலித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நின்னுருச்சுல்லா! அதான் சரி! திருட்டுக் காத்து நின்னுபோச்சு. ஸ்க்ரூவைத்தான் முழுக்க வெளிய எடுத்து வச்சிருக்காகளே, பொறவு எதை வச்சு ஓடும்?"

இருளப்பசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். இவ்வளவு நாளும் இன்ஜினை அடக்குவதற்காக அந்தத் திருகாணியைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். கள்ளவழி அடைபட்ட பிறகு அதைத் திரும்ப உள்ளே விட வேண்டுமே. திருப்புளியை எடுத்தவர், குனியப் போய், நிமிர்ந்து, தங்கபாயிடம் நீட்டினார்.

"நீயே வையி தாயி."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல அண்ணாச்சி."

"இதை நூறு பேருக்கு வித்திருப்பல்லா? ஒருக்காத் திருப்பித்தான் பாரேன்."

முந்தானையைச் சொருகிக்கொண்டு குனிந்தார். சிவனாண்டி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்துக்கொள்ள, தங்கபாய் கால் கால் சுற்றாகத் திருகினார். இருளப்பசாமி காலை மெதுவாக எடுக்கச் சொன்னார். இன்ஜின் தாழ்ந்துகொண்டே வந்தது. நின்றுவிடும்போல் இருந்த இடத்தில் இன்னும் ஒரு கால் சுற்று. அங்கே நிதானத்துக்கு வந்தது. அப்படியே ஓடியது. வேகம் கொடுத்து விட்டார்கள். அதே நிதானத்துக்குத் திரும்ப வந்தது. பத்துத் தடவை பார்த்தார்கள். பத்துத் தடவையும் அப்படியே. நான் என் கடையைத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஒரு படம்கூட அசையவில்லை.

சனிக்கிழமை அதிகாலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சிவனாண்டி அடிவாரத்துக்குப் பதினெட்டு நடை ஓட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச் முடிந்து தங்கபாய் வீட்டில் இருக்கும்போது, சிவனாண்டி தன் பெண்சாதி முத்தாத்தாளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏதும் கொடுக்கவோ வாங்கவோ வரவில்லை. "இவியதான்" என்று காட்டுவதற்காக வந்தார். முத்தாத்தாள் தங்கபாயின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கை மெத்துன்னுல்லா இருக்கு! நான் இரும்பு மாதிரி இருக்கும்னு நெனச்சேன்" என்றாளாம். பொன்னுராஜ் இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

மதுரையிலிருந்து திரும்பிய சுப்புராஜிடம் நான்தான் முழுவதையும் சொன்னேன். ஒரு புது கார்பரேட்டர் விற்காமல் போயிற்றே என்று கேட்பாரோ என்று நினைத்தேன். அவர் தங்கபாயைப் பார்த்து, "பாகுந்தம்மா, சால பாகுந்தி" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சந்தோஷம் மிஞ்சினால்தான் அவருக்கு வீட்டுத் தெலுங்கு கடையில் வரும்.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் என் கடை வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. முதலாளி இருக்கும்போதே, "தங்கபாயக்கா எங்க?" என்று கேட்டு வந்தார்கள். சத்திரப்பட்டியிலிருந்தும் தேவதானத்திலிருந்தும் பழைய சாமானைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் அவருக்கு விடை தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். 1991-இல் ஒரு கம்பெனி கேஸ்கட்டுகளில் ஓட்டை நூலளவு தள்ளி விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, அளவு வரைந்து இங்கிலீஷில் கடிதம் எழுதினார். மூன்று வாரத்தில் கழுத்தில் டை கட்டிய ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினார்.

"மிஸ்டர் தங்கபாய் இருக்காரா?"

"நான்தான் சார்."

அவர் கடிதத்தைப் பார்த்தார், தங்கபாயைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனார். அந்தச் சரக்கு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

1994-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகக் கடை போட்டார் தங்கபாய். சுப்புராஜே வந்து ரிப்பன் வெட்டினார். போர்டில் பொன்னுராஜ் பேரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று பெயின்டர் சொல்ல, பொன்னுராஜ், "மோட்டாரைப் பத்தி எனக்கு என்னப்பா தெரியும்? அவ பேரை மட்டும் பெருசா எழுது" என்றார். எழுதினார்கள். தேரடியில் நின்று பார்த்தாலே தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்து.

இரண்டு வருஷம் கழித்து ஏதோ வேலையாக அங்கே போனபோது கடையில் நுழைந்தேன். ஒரு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் புதிதாக வாங்கிய காரில் கார்பரேட்டரே கிடையாதாம். எல்லாம் கம்ப்யூட்டராம். அதுவும் நின்ற இடத்தில் இரைகிறதாம்.

"எனக்கு இது தெரியாது சார்" என்றார் தங்கபாய். "ஆனா வண்டியோட புத்தகம் இருக்கும்லா? ரெண்டு நாளைக்குக் குடுங்க. ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தந்துர்றேன்."

டாக்டர் கொடுத்துவிட்டுப் போனார். தடித்த புத்தகம். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார் தங்கபாய். நான் வந்தது அவருக்குத் தெரியும். "உக்காருங்க அண்ணாச்சி, டீ சொல்றேன்" என்றார், தலையைத் தூக்காமலே.